தராசு நின்ற பிறகு ஒரு கை

பிரான்சி எதையும் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவாள். பிஸ்கட் பாக்கெட்டோ, ஷாம்பு பாட்டிலோ, மாதா கோயில் திருவிழாவில் விற்கிற மெழுகுவர்த்தியோ, எதுவானாலும் முதலில் முதுகுப் பக்கம்தான் பார்வை போகும். எங்கே செய்தது, எப்போது செய்தது, யார் செய்தது என்று தெரியாமல் கையை நீட்ட மாட்டாள். பெண் பார்க்க வந்த அருள்நாதனையே சும்மா விடவில்லை. "காலேஜ் ஆபீஸ்னு சொன்னீங்களே, எந்த செக்‌ஷன்ங்க?" என்று கேட்டு வைத்துக்கொண்டு, மறுநாள் ஒரு தோழியை அனுப்பி, அந்த நாற்காலியில் அந்த மனிதர்தான் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்து வரச் சொன்னவள். வீட்டுக்கு யார் வந்தாலும் அருள்நாதன் இந்தக் கதையைச் சொல்லாமல் காபி கொடுக்க மாட்டார். பிரான்சிக்கு அதில் வெட்கமே கிடையாது. "பாத்துட்டு வரச் சொன்னேன், இருந்தீங்க, கட்டிக்கிட்டேன். இதுல என்ன தப்பு?" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்குப் பொருத்தமாகவே முதல் வேலை அமைந்தது. புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கடையில் பல வருஷம் நின்றாள். மாத்திரை அட்டையில் பேட்ச் நம்பர் இல்லையென்றால் டாக்டரே வந்து நின்றாலும் கொடுக்க மாட்டாள். மாமியாருக்கு மருந்து வாங்க ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற மாலினி என்ற அம்மாள் இந்தக் கூத்தை மாதாமாதம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் மருந்துப் பையைக் கையில் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"பிரான்சி, நான் அரியமங்கலத்துல சாக்லேட் பண்றேன் தெரியுமோ? மாத்திரைக்கு நீங்க பாக்கற இந்தப் பேட்ச் நம்பர் சமாசாரத்தை எனக்குக் கோகோ கொட்டைக்குப் பாத்துக் குடுக்கணும். வரேளா?"

கொட்டைக்குப் பேட்ச் நம்பரா என்று பிரான்சி முதலில் சிரித்தாள். அப்புறம் விசாரித்தாள். விசாரிக்காமல் இருப்பாளா? விஷயம் இதுதான். மாலினியின் சாக்லேட்டை வாங்குகிற வெளிநாட்டுக் கடைக்காரர்களுக்கு ஒரு கேள்வி. இந்தக் கொட்டை எந்தத் தோப்பில் காய்த்தது, காட்டை வெட்டிவிட்டு நட்ட மரமா, நடுவில் யாராவது கண்ட கொட்டையைக் கலந்தார்களா? வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். தோப்பிலிருந்து சாக்லேட் உறை வரைக்கும் ஒவ்வொரு கையும் போனில் பதிவாகியிருக்க வேண்டும். உறையின் மேல் இருக்கிற கட்டம் கட்டமான க்யூஆர் கோடுக்கு நேராகப் போனைக் காட்டினால் விவசாயியின் முகமே வர வேண்டும். கேட்கக் கேட்கப் பிரான்சிக்கு உள்ளங்கை அரித்தது. இத்தனை காலம் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவளுக்கு, அந்த முதுகுப் பக்கத்தை எழுதுகிற வேலையே வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்த மாதமே லால்குடி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

லால்குடி தாண்டிக் கொள்ளிடக் கரையோரம், தென்னைக்கு நடுவில் கோகோ போட்ட தோப்புகள் நிறைய. அங்கே மாலினி எடுத்திருந்த கொட்டகைதான் பிரான்சியின் ராஜ்ஜியம். விவசாயிகள் காலையில் பழத்தை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டையைக் கூடையில் கொண்டு வருவார்கள். எடை போட்டு, மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலை போர்த்திப் புளிக்க வைத்து, வெயிலில் காயவைத்து மூட்டை பிடிக்க வேண்டும். தராசுக்கும் போனுக்கும் இணைப்பு உண்டு. எடை நின்றதும் போனில் ஒரு தட்டு தட்டினால் பதிவு ஆகிவிடும். பக்கத்துக் குட்டி மிஷின் கோடு அச்சிட்ட ஸ்டிக்கரைத் துப்பும். அதைப் பெட்டியில் ஒட்டிவிட்டால் அப்புறம் அந்தக் கொட்டைக்கு அப்பன் பேர் உண்டு.

ஆரம்பத்தில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு தோப்பின் எல்லையைச் சுற்றி நடந்தால்தான் மேப்பில் கோடு விழும். அழகர்சாமியின் தோப்பைச் சுற்றி அவள் நடந்ததைப் பார்த்துவிட்டு, நிலத்தை யாரோ அளக்கிறார்கள் என்று அவருடைய பங்காளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அப்ப என் தோப்பையும் சுத்துங்க, அவன் மூஞ்சி மட்டும் வெளிநாடு போகணுமா?" என்று மாறிவிட்டார். போட்டோ எடுக்கிற அன்று அழகர்சாமி கஞ்சி போட்ட சட்டையும் கையில் கட்டிய வாட்சுமாக வந்து நின்றார். பழம் உடைக்கிற ஆள் மாதிரி இல்லை, பஞ்சாயத்துக்கு வந்த ஆள் மாதிரி இருந்தது. வள்ளிக்கண்ணு, தன் பசு சிவகாமி இல்லாமல் போட்டோவே வேண்டாம் என்று அடம் பிடித்தாள். "தோப்புக்கு எரு போடுறது நீயா, அதுவா?" என்று கேட்டால் பிரான்சி என்ன பதில் சொல்லுவாள்? ஸ்ரீரங்கத்தில், கீழச்சித்திரை வீதியில் இருக்கிற மாலினியின் கடையில் சாக்லேட் வாங்கினால் இப்போதும் வள்ளிக்கண்ணுவும் மாடும் சேர்ந்துதான் போனில் வருகிறார்கள். பெருமாளைச் சேவிக்க வந்த ஒருவர், பாலும் இந்த மாட்டுடையதா என்று கேட்டாராம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் மாலினியின் போன் வந்தது.

"பிரான்சி, ஆப்ல நம்ம கொட்டகைக்குச் செவப்பு விழுந்திருக்கு."

"செவப்பா? எதுக்குங்க மேடம்?"

"உள்ள போன கொட்டையை விட வெளியில வர்றது ஜாஸ்தியாம்."

பிரான்சிக்குப் புரியச் சற்று நேரமானது. அரிசி வெந்தால் கூடும். கோகோ காய்ந்தால் குறையும். மூன்று பங்கு ஈரக்கொட்டை போட்டால் ஏறக்குறைய ஒரு பங்கு காய்ந்த கொட்டைதான் வரும். இங்கேயோ ஒவ்வொரு பெட்டியிலும் வரவேண்டியதற்கு மேல் கொஞ்சம் வந்திருக்கிறது. பெட்டிக்குக் கொஞ்சம் என்றாலும், பருவம் முழுக்கச் சேர்த்தால் மூட்டைக் கணக்காக நிற்கிறது. பதிவில்லாத கொட்டை எங்கிருந்தோ உள்ளே வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதற்கு அந்த ஆப்பில் வைத்திருக்கிற பேர், கலப்பு.

"கோயம்புத்தூர்லேர்ந்து செக் பண்ண ஒரு பொண்ணு வரா. ஹஃப்ஸான்னு பேர். அவ கலப்புன்னு எழுதிட்டா இந்த சீசன் மூட்டை எதுக்கும் கோடு கிடையாது. எல்லார் முகத்தையும் எடுத்துடுவா. எனக்கு உங்க மேல ஒரு சந்தேகமும் இல்லை பிரான்சி. ஆனா..."

அந்த 'ஆனா'தான் பிரான்சியைச் சுட்டது. கோடு போய்விட்டால் இத்தனை தோப்புக் கொட்டையும் பழையபடி பேர் இல்லாத மூட்டையாக லாரி ஏறும். அது ஒரு பக்கம். ஒவ்வொரு பதிவின் கீழேயும் 'சரிபார்த்தவர்: பிரான்சி' என்று இருக்கிறதே! பேட்ச் நம்பர் இல்லாத மாத்திரையைத் தொடாதவள் கலப்படக்காரி ஆவதா? போனை வைத்துவிட்டு, காயப்போட்ட கொட்டையின் நடுவிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. பிரான்சிக்குக் கோபம் வந்துவிட்டால் அப்புறம் வேலை நடக்கும்.

முதலில் தராசின் மேல் சந்தேகம். அருள்நாதனை லீவு போட வைத்து, வீட்டிலிருந்து ஒரு சீல் பிரிக்காத அரிசி மூட்டையையும் தூக்க வைத்து லால்குடிக்கு அழைத்து வந்தாள். மூட்டையை வைத்தாள், சரியாகக் காட்டியது. அவரை ஏற்றினாள்; இறக்கினாள்; மூட்டையோடு ஏற்றினாள். தராசில் குற்றமே இல்லை. "தராசு சரியா இருக்குன்னா நான் இவ்வளவு கனம்னு ஆகுதே, அதை யாருகிட்ட போய்ச் சொல்றது?" என்று அந்த மனிதர் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

கொட்டை சரியாகக் காயவில்லையோ என்று பார்த்தாள். கையில் எடுத்து நசுக்கினால் மொறுமொறுவென்று உடைகிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஆள்தான். அழகர்சாமியின் மச்சானுக்கு வேறெங்கோ தோப்பு இருப்பது ஞாபகம் வந்தது. நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, மச்சான் கொட்டையை நம்ம பெட்டியில கொட்டுறீங்களா?"

அழகர்சாமிக்கு மூக்கு சிவந்துவிட்டது. "என்ன தங்கச்சி, இப்படிக் கேட்டுட்ட? அவன் என் தங்கச்சி கல்யாணத்துல மோதிரம் சின்னதுன்னு சொன்னவன். அவன் கொட்டையை என் பேர்ல விடுவனா?"

இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. பிரான்சி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. செக் பண்ண வருவதற்கு முந்தின நாள் எல்லாரையும் கொட்டகையில் கூட்டி ஒரு மிரட்டு மிரட்டினாள். "நாளைக்கு ஒரு அம்மா வர்றாங்க. தராசுல எடை நின்னதும் நகந்துடணும். அதுக்கு மேல ஒரு கொட்டை கூடக் கூடாது, ஒரு கொட்டை குறையக் கூடாது. யாராவது ஏடாகூடமா ஏதாவது செஞ்சீங்க, அப்புறம் நம்ம எல்லாருக்கும் நாமம்தான்!" எல்லாரும் ஸ்கூல் பிள்ளைகள் மாதிரித் தலையை ஆட்டினார்கள்.

ஹஃப்ஸா சின்னப் பெண். சிரித்த முகம்தான், ஆனால் கண் சிரிப்பதில்லை. அது வேலை பார்த்துக்கொண்டே இருந்தது. வந்ததும் கொட்டையின் ஈரத்தை மீட்டரில் பார்த்தாள், பெட்டிகளைத் திறந்தாள், ஸ்டிக்கர்களைப் போனில் காட்டிச் சரிபார்த்தாள். பிரான்சி கொடுத்த டீயை மறுக்காமல் குடித்தாள். "எல்லாம் சுத்தமா வச்சிருக்கீங்க. ஆனா கணக்கு இடிக்குதேக்கா. தினம் எப்படி எடை போடுவீங்களோ, அப்படியே போடுங்க. நான் ஓரமா நிக்கிறேன்" என்றாள்.

முதலில் வந்தவர் அழகர்சாமி. கூடைகளைத் தராசு மேல் இருந்த தொட்டியில் கவிழ்த்தார். எண்கள் ஓடி நின்றன. பிரான்சி தட்டினாள், ஸ்டிக்கர் வந்தது. அதை உரித்துக்கொண்டிருந்தபோது ஹஃப்ஸாவின் குரல் கேட்டது.

"நில்லுங்க அண்ணே. இப்ப என்ன போட்டீங்க?"

"நானா? ஒண்ணும் போடலையே."

"கூடை அடியிலேர்ந்து ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டீங்களே."

அழகர்சாமி தன் கையைப் பார்த்தார். சதை ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று இருந்தது. "அதுவா? அது கொசுறுங்க!"

பிரான்சியின் கையிலிருந்த ஸ்டிக்கர் அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. கொசுறு! காய்கறிக்காரர் எடை போட்ட பிறகு கொத்தமல்லி வைப்பதில்லையா, பூக்காரி முழம் போட்ட பிறகு நாலு விரல் விடுவதில்லையா? எடை நின்ற இடத்தில் கையும் நின்றுவிட்டால் அது கஞ்சத்தனம். இந்தக் கரையில் அப்படி யாரும் கொடுத்ததும் இல்லை, வாங்கினதும் இல்லை. தினமும் அவள் கண் முன்னால்தான் நடந்தது. பதிவு ஆன பிறகு ஒவ்வொருவரும் அள்ளி அள்ளிப் போட்டதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பார்ப்பதென்ன, யாராவது மறந்துவிட்டால், "என்னண்ணே, மேல ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டு வாங்கிப் போட்டவளே அவள்தான்! தலையில் அடித்துக்கொண்டாள். பள்ளத்தைத் தேடி ஊரெல்லாம் அலைந்தவள் தானே தோண்டியதில் நிற்கிறாள்.

"இதான்மா, இதேதான்! கொசுறுதான் கூடியிருக்கு!" என்று ஹஃப்ஸாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹஃப்ஸா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் தலையும் ஆட்டவில்லை. "இருக்கலாம்க்கா. ஆனா ஒருத்தர் ஒருநாள் செஞ்சதை வச்சு நான் எழுத முடியாது. இப்படிச் செய்யச் சொல்லி நீங்க பேசி வச்சிருக்கீங்கன்னு எங்க ஆபீஸ்ல கேப்பாங்க. அடுத்து வர்றவங்களையும் பாக்கறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது. கண் ஜாடை கூடக் கூடாது." அழகர்சாமியை உள்ளே உட்கார வைத்துப் பேசக் கூடாது என்றாள். அந்த மனிதருக்கு அதைவிடக் கொடிய தண்டனை கிடையாது.

நேற்று போட்ட கூச்சல் பிரான்சிக்கே இப்போதுதான் கேட்டது. ஒரு கொட்டை கூடக் கூடாது என்றாளே! எமன் அவள் வாயிலேயே அல்லவா உட்கார்ந்திருக்கிறான்!

நினைத்தபடியே ஆனது. அடுத்து வந்தவர் பங்காளி. கொட்டினார், எடை நின்றது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்தார். அதற்கடுத்து மகாலட்சுமி என்ற பெண். அவளும் கொட்டிவிட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஹஃப்ஸாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். ஹஃப்ஸா போனில் ஏதோ குறித்துக்கொண்டாள். மாதாவே, இந்த ஒருநாள் மட்டும் இவர்கள் என் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று பிரான்சி மனசுக்குள் கதறினாள்.

அப்புறம் வள்ளிக்கண்ணு வந்தாள். கொட்டினாள். எடை நின்றது, ஸ்டிக்கர் வந்தது. கை கூடைக்குள் போனது, நடுவழியில் நின்றது. பிரான்சியை ஒரு பார்வை பார்த்தாள். பிரான்சி தரையைப் பார்த்தாள். வள்ளிக்கண்ணு கையை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடையோடு நடந்தாள். கொட்டகையைத் தாண்டினாள். வாசல் படலைத் தாண்டினாள். போயிற்று, எல்லாம் போயிற்று. பிரான்சி அப்படியே பெட்டியின் மேல் சாய்ந்துவிட்டாள்.

"சீ! இது என்ன பொழப்பு!"

படலுக்கு வெளியிலிருந்து வந்த சத்தத்தில் காக்கைகள் பறந்தன. வள்ளிக்கண்ணு திரும்பி வந்துகொண்டிருந்தாள். "இந்தா பிரான்சி, நீ மிரட்டுனா மிரட்டிக்க. அளந்த எடையை அளந்த மாதிரி வச்சிட்டு, வெறுங்கையை வீசிட்டுப் போக இது என்ன சாவு வீடா? கொசுறு போடாம நான் யாருக்கும் கீரைக்கட்டு கூடக் குடுத்ததில்ல. அதுவும் ஒரு பொண்ணு முதமுதலா நம்ம ஊருக்கு வந்திருக்கு!" என்றபடி கூடையின் அடியில் இருந்த வாழையிலையைப் பிரித்தாள். உள்ளே தனியாகக் கொட்டை. அள்ளித் தொட்டியில் போட்டாள், இன்னொரு முறை போட்டாள். தராசின் சிவப்பு எண்கள் ஏறின.

அந்தச் சத்தத்துக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்த பங்காளியும் மகாலட்சுமியும் ஓடி வந்தார்கள். பங்காளி அப்போதுதான் கிளப்பியிருந்த டிவிஎஸ் வண்டியைக் கூட அணைக்கவில்லை. "அக்கா மட்டும் போடலாமா? அப்ப எங்களது?" இருவர் கூடையிலும் வாழையிலைப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. போடவும் பயம், வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகவும் வெட்கம். என்ன செய்வதென்று தெரியாமல் இவ்வளவு நேரம் டீக்கடையிலேயே நின்றிருக்கிறார்கள். உள்ளேயிருந்து அழகர்சாமி, "இப்பவாவது நான் பேசலாமாம்மா?" என்று கெஞ்சினார்.

ஹஃப்ஸா ஒவ்வொருவர் கொசுறையும் தனித்தனியாக எடை போட்டாள். பருவம் முழுக்க வந்த கூடைகளோடு பெருக்கி, காய்ந்தால் நிற்கிற பங்குக்கு வகுத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அப்போதுதான் முதல் முறையாக அவள் கண்ணும் சிரித்தது. "மாஷா அல்லாஹ்! அக்கா, கூட வந்த மூட்டையும் இந்தக் கணக்கும் ஏறக்குறைய ஒட்டுது." போனில் சிவப்புக் குறிக்குப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். தராசுப் பழுது, ஈரம், கலப்பு என்று வரிசையாக இருந்ததை எல்லாம் தள்ளிவிட்டு, 'மற்றவை' என்ற இடத்தில் கொசுறு என்று தமிழிலேயே அடித்தாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. பிரான்சிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவும் தோன்றாமல், வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"இனிமே கொசுறையும் போட்ட பிறகு பதிவு பண்ணிடுங்கக்கா. இப்ப இவங்க போட்டதையும் நான் இவங்க பேர்ல ஏத்திட்டேன்" என்றாள் ஹஃப்ஸா.

கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிய வள்ளிக்கண்ணு நின்றாள். "ஏத்திட்டியா? என் பேர்லயா?"

"ஆமாம்மா. உங்க எடையில சேந்துடுச்சு."

"அப்ப அது வித்ததா ஆயிப்போச்சே! நான் சும்மா குடுத்தது எங்க?" என்று கேட்டுவிட்டு, இலையில் மிச்சமிருந்ததை எல்லாம் வழித்து எடுத்துத் தொட்டியில் போட்டாள். தராசு மறுபடியும் ஏறியது. ஹஃப்ஸா போனையும் எண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பு தாங்காமல், தராசு பார்க்கக் கொண்டு வந்து அங்கேயே கிடந்த அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பங்காளியும் மகாலட்சுமியும் கூடைக்குள் கையை விட ஆரம்பித்தார்கள்.

"ஐயோ அக்கா, போதும்!" என்று பிரான்சி தொட்டியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள். கொசுறு போதும் என்று அவள் வாயிலிருந்து வந்தது, பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.